செண்பகமும் வண்டுப் பெட்டியும்

விழுப்புரம் ரயில்வே பங்களாக்களில், நாற்பத்தைந்து நாற்பத்தாறு வாக்கில், ஒரு வழக்கம் இருந்தது. கப்பலேறி வந்த கரண்டுச் சமையல் சாமான் எதுவானாலும் சரி, லண்டனில் வாங்கினதோ, சைகோனிலிருந்து புதுச்சேரி வழியாக வந்ததோ, பட்டாளத்துக்காரன் விற்றுவிட்டுப் போனதோ, பிரித்த கையோடு யாரும் அதைச் சுவரில் குத்திவிட மாட்டார்கள். "பட்லரம்மாவக் கூப்பிடு" என்பார்கள்.

பட்லரம்மா வருவார். கையை முந்தானையில் துடைப்பார். துடைத்த கையை இன்னொரு கையால் தொட்டு, ஈரம் போயிற்றா என்று பார்த்துக்கொள்வார். பிறகு அந்தச் சாமானை, பச்சைக் குழந்தையைக் குப்புறப் போடுவதுபோலப் பதனமாகக் கவிழ்ப்பார். அடியில் ஆணி அடித்து வைத்திருக்கும் சின்னத் தகட்டைத் தேய்த்துப் படிப்பார். "குத்தலாம்" என்றால் குத்தலாம். "வாணாம்" என்றால், அது துரைசாணியே ஆசைப்பட்டு வாங்கினதாக இருந்தாலும், அன்றைக்கு அந்த வீட்டில் விறகடுப்புதான்.

அவர் பெயர் செண்பகம். திண்டிவனத்துப் பக்கம், வல்லத்தை ஒட்டின ஒரு சேரியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. மிதிக்க விடவில்லை என்று சொல்வதுதான் சரி. அந்தச் சேரிப் பெண்கள் அறிந்ததெல்லாம் வயக்காடு ஒன்றுதான். நாற்று, களை, அறுப்பு, மறுபடி நாற்று. அங்கிருந்து கிளம்பிய ஒரு பெண், துரைமார் வீட்டுச் சமையலறைக்குத் தலைமை ஏற்று, கண்ணுக்கே தெரியாத கரண்டைக் கட்டி மேய்த்தார் என்றால், அது எங்கள் பக்கத்தில் சும்மா சொல்லிவிட்டுப் போகிற சேதியில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிற சேதி.

ஆனால் அது அவருக்குச் சுளுவாகக் கிடைத்துவிடவில்லை. முப்பத்தொன்பதாம் வருஷம், திண்டிவனத்தில், ஒரு காலை நாஷ்டா வேளையில் கையைவிட்டு நழுவிப் போகப் பார்த்தது.

திண்டிவனத்தில் ஒரு மிஷன் பங்களாவில் மிஸ் ஹாலண்ட் என்று ஓர் அமெரிக்க அம்மா இருந்தார். பிரசவம் பார்க்கப் படித்தவர். வில்வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஜனங்கள் வாயில் அவர் ஆலண்டம்மா. முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர் என்பதால், அவர் பேசினால் வேதப்புத்தகம் எழுந்து நின்று பேசுவதுபோல இருக்கும்.

"செண்பகமே, இந்தக் கோழி எவ்விடத்திலிருந்து வந்தது?" என்பார்.

"சந்தையிலேருந்துங்க. நடந்து வரலைங்க, நான்தான் தூக்கிக்கினு வந்தேன்" என்பார் செண்பகம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

செண்பகம் அங்கே பாத்திரம் தேய்க்கத்தான் சேர்ந்தார். புருஷன் மாரியப்பனுக்கு அதே பங்களாவில் தோட்ட வேலை. இரண்டு பேரும் பண்ணையை விட்டுக் கிளம்பியபோது பண்ணைக்காரர் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "போங்க, போங்க. வெள்ளைக்காரி வூட்டுச் சோறு எத்தினி நாளைக்கு? தொரத்தி வுட்டா இங்கதானே வந்து நிக்கணும்? அப்ப பேசிக்கிறேன்." அவர் எப்படிப் பேசிக்கொள்வார் என்று செண்பகத்துக்குத் தெரியும். திரும்பிப் போனவர்களை அவர் பேசிய விதத்தைப் பார்த்தே வளர்ந்தவர்.

பங்களாவின் பழைய சமையல்காரர் கண் மங்கி மகனோடு போய்விட்டபோது, "தகுந்த ஆள் கிடைக்கும்வரைக்கும்" என்று சமையல் செண்பகத்தின் கைக்கு வந்தது. அந்த 'வரைக்கும்' ஒரு வருஷத்துக்குமேல் அவர் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. தகுந்த ஆள் என்றால் பட்லர். பட்லர் என்றால் ஆம்பிளை. பட்லர் வந்தால் பாத்திரம் தேய்க்கத் தன் மேட்டி என்கிற எடுபிடியையும் கையோடு கூட்டிக்கொண்டு வருவான்; அதுதான் பங்களா வழக்கம். அப்புறம் செண்பகத்துக்குச் சமையலும் இல்லை, பாத்திரம் தேய்க்கிற பழைய வேலையும் இல்லை. பண்ணைக் களம்தான்.

இந்தச் சமயத்தில்தான் பங்களாவுக்குக் கரண்டு வந்து சேர்ந்திருந்தது. ஆலண்டம்மாவுக்கு விளக்கைவிடச் சமையலறைமேல்தான் ஆசை. அமெரிக்காவிலிருந்து எப்போதோ கொண்டுவந்து பரணில் தூங்கிக்கொண்டிருந்த சாமான்களெல்லாம் இறங்கின. ரொட்டி வாட்டும் டோஸ்டர், காப்பி கொதிக்கவைக்கும் கூஜா, முட்டை அவிக்கும் சட்டி. எல்லாம் அவருடைய தாயார் புழங்கினவை. அங்கங்கே நசுங்கி, பூச்சு உதிர்ந்து, காயலான் கடைக்குப் போகிற வயசில் இருந்தன. கூடவே மெட்ராஸிலிருந்து ஒரு கரண்டு அடுப்பும் வெந்நீர்க் கெண்டியும் வாங்கினார். அவை முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்போலப் பளபளத்தன.

சிக்கல் என்னவென்றால், அமெரிக்காவில் சுவருக்குள் ஓடுகிற கரண்டு நம்முடையதில் பாதி வேகம். அந்த ஊர்ச் சாமானை நம் சுவரில் குத்தினால் தாங்காது, கருகிவிடும். அதற்காக மெட்ராஸில் சொல்லி ஓர் இரும்புப் பெட்டி செய்து வந்தது. நம் கரண்டு ஒரு பக்கம் நுழைந்து, உள்ளே வேகம் குறைந்து, பாதியாக மறுபக்கம் வரும். வேலை செய்யும்போது அந்தப் பெட்டி வண்டு கத்துவதுபோல முனகிக்கொண்டே இருக்கும். மாரியப்பன் முதல்நாளே அதற்கு வண்டுப் பெட்டி என்று பேர் வைத்துவிட்டான்.

அமெரிக்கச் சாமான்களின் கம்பி நுனியில் தட்டைக் கால்கள் இருந்தன. வயர்மேன் துரைக்கண்ணு அவற்றை வெட்டிப் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் உருண்டைக் கால் மாட்டினான். இனிமேல் எந்தச் சாமானும் எந்த ஓட்டையிலும் போகும். வசதிதான். அந்த வசதிக்குள்ளேயே வம்பும் உட்கார்ந்திருந்தது.

ஆலண்டம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். "ஈரமான கரத்தால் தொடாதே. மரப்பலகையின்மேல் நில். முதலாவது சுவிட்சை அணை, பின்பு பிடுங்கு. கம்பியைப் பிடித்து இழுக்காதே. புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதே, அது உன்னைக் கொன்றுவிடும்."

செண்பகம் ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார். கடைசியில் ஆலண்டம்மா பரணிலிருந்து இறங்கிய சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இவையெல்லாம் வேறு வோல்ட். வேறு வோல்ட் என்றால் பெட்டியில் மாத்திரம். சுவரில் ஒருக்காலும் போடாதே."

செண்பகத்துக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. ஹாட்டு, கோல்டு, நியூ, ஓல்டு. எங்கள் பக்கத்து நாக்கில் ஓனர் என்றால் வோனர், ஓட்டல் என்றால் வோட்டல். ஓல்டும் அப்படித்தான், வோல்டு. ஆலண்டம்மா தொட்டுக் காட்டினதெல்லாம் நசுங்கின, பூச்சுப் போன சாமான். வேறென்ன வேண்டும்?

"புரிஞ்சிதுங்க. வோல்டுன்னா பெட்டி."

"மிகவும் நல்லது! வோல்ட் என்றால் பெட்டி" என்று ஆலண்டம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஒரே மாதிரித் தலையாட்டி, ஆளுக்கோர் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பிரிந்தார்கள். பழசு பெட்டிக்கு, புதுசு சுவருக்கு. செண்பகம் அதற்குக் காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். வயசான உடம்புக்குக் கெட்டிச் சோறு செரிக்காது, கஞ்சியாகக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். பழைய சாமானுக்கும் அப்படித்தான் கரண்டைக் கரைத்துக் கொடுக்கிறது பெட்டி. மாரியப்பனுக்கு அவர் இதை விளக்கியபோது அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். ஒரு வருஷம் அந்தச் சட்டத்தில் ஒரு பிசகும் நடக்கவில்லை. டோஸ்டர் கருகவில்லை, கூஜா வெடிக்கவில்லை.

இருந்தும் பங்களாவின் கணக்குப்பிள்ளை பெரியதம்பிக்கு மனசு ஆறவில்லை. "கரண்டு இன்னா கேப்பக் கூழா, கைய வுட்டுக் கலக்கறதுக்கு? ஒருநாள் இந்தப் பொம்பள வூட்டோட கொளுத்தப் போவுது" என்று ஆலண்டம்மா காதில் விழும்படி சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஓர் ஆளையும் கொண்டுவந்து நிறுத்தினார். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பிரயாணிகளுக்குச் சமைக்கும் பட்லர், விருத்தாசலம். வெள்ளைக் கோட்டு, முறுக்கின மீசை, சுத்தமான நகம். பேச்சிலும் குறை சொல்ல முடியாத மனுஷன்.

ஆலண்டம்மா யோசித்தார். "சனிக்கிழமை காலையில் விழுப்புரத்து ரயில்வே இன்ஜினீயரும் அவருடைய மனைவியும் நாஷ்டாவுக்கு வருகிறார்கள். அன்று செண்பகம் சமைக்கட்டும். விருத்தாசலம் அருகே நின்று பார்க்கட்டும். அதன்பின்பு தீர்மானம் செய்வேன்."

அன்று மத்தியானம் செண்பகத்துக்குச் சோறு இறங்கவில்லை. "தோத்துட்டா இன்னா பண்றது?" என்று மாரியப்பனைக் கேட்டார்.

"நீ தோத்தா நானும் தோட்டத்த வுட்டுட்டு உங்கூட வந்துடறேன். பண்ணைக்காரு ரெண்டு பேரையும் ஒண்ணா ஏசட்டும். தனித்தனியா ஏசினா அவருக்கும் பேஜாருதானே?" என்றான் அவன். செண்பகம் சிரிக்கவில்லை.

அந்த வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஆலண்டம்மாவின் தங்கை அனுப்பினது. வைக்கோலை விலக்கினால் உள்ளே வெள்ளி மாதிரி ஒரு சாமான். வட்டமாக இரண்டு கல், ஒன்றின்மேல் ஒன்று, உள்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக.

"இது வாஃபிள் சுடுவது. சனிக்கிழமை இதில் செய், விருந்தாளிகள் மகிழ்வார்கள்" என்றார் ஆலண்டம்மா.

"தோசைக்கு மேலயும் கல்லா!" என்று அதிசயப்பட்டார் செண்பகம். மாரியப்பன் எட்டிப் பார்த்து, "சுட்டுத் தின்னலாம், தின்னாம வச்சா தாயம் ஆடலாம்" என்றான்.

மறுநாள் ஆலண்டம்மா ஒரு பிரசவத்துக்காக வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சமயம் பார்த்துத்தான் துரைக்கண்ணு தட்டைக் காலை வெட்ட வந்தான். அவன் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"இன்னா செண்பகம், இது வேற வோல்டா?"

"வோல்டு இல்லண்ணா. கண்ணு அவிஞ்சி போச்சா? எப்பிடிப் பளபளன்னு கீது பாரு."

துரைக்கண்ணு சாமானைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். ஆனால் அவனுக்கு இன்னும் இரண்டு வீட்டு வேலை பாக்கி. "அப்ப இது சுவத்துலயே குத்தறதுதானா?"

"பின்ன? நியூதானே."

"சரி, அமெரிக்காக்காரனும் நம்ம கரண்டுக்கு செய்ய ஆரம்பிச்சிட்டான் போல" என்று மெச்சிக்கொண்டே உருண்டைக் காலை மாட்டிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை. பங்களாவின் சாப்பாட்டு அறையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே இன்ஜினீயர் துரையும் மனைவியும் ஆலண்டம்மாவும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் செண்பகம் பலகைமேல் நின்றிருந்தார். வண்டுப் பெட்டி முனக, பழைய கூஜாவில் காப்பி இறங்கியாயிற்று. புதுக் கெண்டியில் வெந்நீர் தயார். மைதாவோடு கொஞ்சம் கேப்பை மாவும் முட்டையும் அடித்து வைத்திருந்தார். கேப்பை சேர்த்தது அவருடைய சொந்த யோசனை. பக்கத்தில் பனைவெல்லப் பாகு.

விருத்தாசலம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். "பாகு பதம் நல்லா கீதும்மா" என்றார். போட்டிக்கு வந்தவர் வாயிலிருந்து அது வந்ததும் செண்பகத்துக்குத் தெம்பு வந்தது. கதவோரம் பெரியதம்பி நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

செண்பகம் வாஃபிள் கல்லை எடுத்தார். புதுசு. கையைத் துடைத்தார். சுவரில் குத்தி, சுவிட்சைப் போட்டார். கல் சீக்கிரமே சூடேறியது. 'புதுசு புதுசுதான்' என்று நினைத்துக்கொண்டே ஒரு கரண்டி மாவை ஊற்றி, மேல் கல்லை மூடினார்.

மூடின கை இன்னும் பிடியிலிருந்து எடுபடவில்லை. மாவு வேகிற வாசனைக்குப் பதிலாக ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. கல்லின் இடுக்கிலிருந்து கருப்பாகப் புகை சீறியது. பட்டென்று ஒரு வெடி, நீலமாக ஒரு மின்னல். சாப்பாட்டு அறையில் விசிறி முனகி, தள்ளாடி, நின்றது.

"ஐயையோ!" என்று கத்திக்கொண்டே விருத்தாசலம் பாய்ந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். நெருப்பென்றால் தண்ணீர், ஆயுசு முழுக்கக் கரி அடுப்பில் வெந்த மனுஷனுக்குக் கை தானாகப் போயிற்று.

"ஊத்தாதீங்க! செத்துடுவீங்க!" செண்பகம் அவரை மார்பில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். பட்லர் சுவரில் போய் மோதினார். குடம் உருண்டு, தண்ணீர் வாசல் பக்கம் ஓடியது. செண்பகம் பலகையைவிட்டு இறங்காமல், மரக்கரண்டியின் நுனியால் சுவிட்சை அணைத்தார். உலர்ந்த துணியைச் சுற்றி உருண்டைக் காலைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"சொன்னனே! தலைபாடா அடிச்சிக்கினனே! கொளுத்திப்புட்டா!" என்று கூவிக்கொண்டு பெரியதம்பி சாப்பாட்டு அறைக்கு ஓடினார்.

வெள்ளியாக வந்த கல் கருப்பாக நாறிக்கொண்டு கிடந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று செண்பகத்துக்குத் தெரிந்தது. ஆனால் மேஜையில் மூன்று பேர் வெறும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை போகிறதென்றால் போகட்டும், வந்தவர்கள் பசியோடு போனார்கள் என்ற பேர் வேண்டாம். அவர் விறகடுப்பை ஊதினார். தோசைக்கல்லைப் போட்டு, அதே மாவைக் கனமாகச் சின்னச் சின்ன வட்டமாக ஊற்றினார். விருத்தாசலம் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிப் போட்டார். பாகை மேலே ஊற்றி உள்ளே அனுப்பினார்கள். தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. இன்னும் வேண்டும் என்று கேட்டு மறுபடியும் போயின.

எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், யாரும் கூப்பிடாமலே, செண்பகம் கருகின கல்லைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போய் ஆலண்டம்மா முன்னால் நின்றார்.

"நான்தாங்க சுவத்துல குத்தினேன்."

ஆலண்டம்மாவின் முகம் சிவந்திருந்தது. "ஏன்? எத்தனை தரம் சொன்னேன்? இது வேறு வோல்ட் அல்லவா?"

"இல்லீங்களே."

"இல்லையா?"

"வோல்டு இல்லீங்களே அம்மா. இப்பதானே பார்சல்ல வந்துது. நியூங்க. வோல்டுன்னா பெட்டி, நியூன்னா சுவரு. அப்பிடித்தானே செஞ்சிக்கினு வர்றேன்?"

இன்ஜினீயர் துரைக்குத்தான் முதலில் விளங்கியது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மனைவிக்கு இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாளும் சிரித்தார். ஆலண்டம்மா சிரிக்கவில்லை.

"ஒரு வருஷமாக நீ இப்படியா…"

"ஒரு வருஷமா ஒண்ணும் எரியலீங்களே" என்றார் செண்பகம். எதிர்த்துப் பேசவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஆலண்டம்மா தாம்பாளத்திலிருந்த கல்லைக் கைக்குட்டையால் பிடித்துக் கவிழ்த்தார். அடித் தகட்டில் பொறித்திருந்த எண்ணைக் காட்டி, வோல்ட் என்றால் பழசு அல்ல, கரண்டின் வேகத்துக்குப் பேர் என்று சொன்னார். "பாதிக் குற்றம் என்னுடையது. நீ சொன்ன வார்த்தை என் வார்த்தைபோலவே இருந்தது. நான் மேலும் விசாரிக்கவில்லை."

"குத்தம் யாருதா இருந்தா இன்னாங்க? ஆளுக்கு உயிரு போயிருந்தா?" என்றார் பெரியதம்பி. "படிக்காத ஜனங்கள நம்பி இதெல்லாம் ஒப்படைக்கக் கூடாதுங்க. விருத்தாசலம் ரெடியா நிக்கிறாரு. இன்னிக்கே தீர்மானம் பண்ணிடுங்க."

ஆலண்டம்மா விருத்தாசலத்தைப் பார்த்தார். அவர் நனைந்த கோட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளதச் சொல்றேங்க. நான் தண்ணிக் கொடத்தத் தூக்கினேன். அந்தம்மா தள்ளிவுடலன்னா கணக்குப்பிள்ளை சொன்ன உயிரு என்னுதுதான்" என்றார். "ஆனா வேலை குடுத்தா வாணாம்னு சொல்ல மாட்டேங்க. கத்துக்குவேன்."

நியாயமான பேச்சு. செண்பகம் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, என்னை ஏமாத்தினது காதுங்க. காதால கேட்டுத்தான் எல்லாம் செஞ்சேன். அந்தத் தகட்டுல இருக்கறதப் படிக்கக் கத்துக்குடுங்க. அடுத்த சனிக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குமேல ஒண்ணு தப்பாச் சொன்னாலும் நானே போயிடறேன்."

ஆலண்டம்மா அதற்கு ஒத்துக்கொண்டார். கரண்டுச் சாமானையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு கரித்துண்டை எடுத்துச் சமையலறைச் சுவரிலேயே எழுதிக் காட்டினார்: 110. கீழே: 230.

அந்த வாரம் முழுக்கச் செண்பகம் எண்களோடுதான் புழங்கினார். விறகடுப்பை ஊதுகிற நேரம் சாம்பலில் எழுதினார். அரிசி புடைக்கிற முறத்தில் விரலால் எழுதினார். தோட்டத்து மண்ணில் குச்சியால் எழுதி, "இது இன்னா சொல்லு" என்று மாரியப்பனைக் கேட்டார்.

"ரெண்டு பனமரம், ஒரு பூசணிக்கா" என்றான் அவன்.

"அதேதான்! நூத்திப் பத்து. பெட்டி."

"இது?" என்று அடுத்ததைக் காட்டினான் மாரியப்பன்.

"இருநூத்தி முப்பது. சுவரு."

"கூனலா வாத்து, ரெண்டு காது வச்ச கொக்கி, ஒரு பூசணிக்கா. அடேயப்பா, கரண்டுன்னா கழனிக்காடு மாதிரியே கீது" என்றான். அவன் கேலி செய்தாலும் ஒவ்வொரு வேளையும் புதிது புதிதாக எண்களை எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டது அவன்தான். ஆலண்டம்மா அந்த இரண்டு எண்ணோடு விடவில்லை. மற்ற எண்களையும் சொல்லிக்கொடுத்தார். செண்பகமும் விடவில்லை. பங்களாவுக்கு வந்த துரைக்கண்ணுவை நிறுத்தி, "அன்னிக்கி நீ தகட்டப் பாத்தியா?" என்று கேட்டு அவனைத் தலைகுனிய வைத்துவிட்டு, "எனக்கும் தெரியாது, உனக்கும் பொறுமையில்ல. ரெண்டு பேருமாத்தான் கொளுத்தினோம். வா, தகட்டுல இன்னும் இன்னா இன்னா போட்டுக்கீதுன்னு காட்டு" என்று அவனையும் உட்கார வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. விருத்தாசலமும் வந்து நின்றார். ஆலண்டம்மா மேஜைமேல் சாமான்களைக் கவிழ்த்து வரிசையாக வைத்து, தகடு மட்டும் தெரியும்படி மேலே துணி போர்த்தியிருந்தார். எது புதுசு, எது பழசு என்று யாரும் சொல்ல முடியாது.

செண்பகம் முதல் தகட்டின்மேல் குனிந்தார். "நூத்திப் பத்து. பெட்டி." அடுத்தது. "இருநூத்தி முப்பது. சுவரு." அடுத்தது. "இருநூத்தி முப்பது." அடுத்ததில் கொஞ்சம் தயங்கி, துணி நுனியால் அழுக்கைத் துடைத்து, "நூத்திப் பத்துங்க" என்றார். ஆலண்டம்மா ஒவ்வொன்றுக்கும் துணியை விலக்கிப் பார்த்தார். எல்லாம் சரி.

கடைசியாக ஒன்று. இன்ஜினீயர் துரை வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த சாமான். அதன் தகட்டில் எண் இருந்த இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. செண்பகம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார்.

"இது தெரியலீங்க."

"அவ்ளோதானா படிச்சது?" என்றார் பெரியதம்பி.

"நம்பரே இல்லீங்க, இன்னாத்தப் படிக்கிறது?"

"அப்படியானால் அதை எதில் குத்துவாய்?" என்று கேட்டார் ஆலண்டம்மா.

"எதுலயும் குத்த மாட்டேங்க."

"பெட்டியில் குத்தினால் எரிந்துபோகாதே. பெட்டியில் வேகம் குறைவுதானே?"

பெரியதம்பி தலையாட்டினார். விருத்தாசலமும் அதுதான் சரி என்பதுபோலப் பார்த்தார். செண்பகம் அந்தச் சாமானை மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"எரியாமப் போவலாம் அம்மா. ஆனா எரியலையேன்னு பாத்துக்கினுதான் நான் ஒரு வருஷம் ஏமாந்தேன். தெரிஞ்சா குத்துவேன். தெரியலன்னா, தெரிஞ்ச ஆளு வர்ற வரைக்கும் விறகுல ஆக்குவேன்."

ஆலண்டம்மா அந்தத் தேய்ந்த சாமானை எடுத்துத் தனியாக வைத்தார். இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியைக் கழற்றினார்.

"விருத்தாசலம், உம்மை அலைய வைத்துவிட்டேன், மன்னியும்" என்றார். "எனக்குச் சமையல் செய்ய ஆள் இருக்கிறது." சாவி செண்பகத்தின் கைக்கு வந்தது.

விருத்தாசலம் கும்பிட்டுவிட்டு, "சுவத்துல என்னைத் தள்ளினப்பவே தெரிஞ்சிக்கினேன்" என்று சிரித்துக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டார். பிற்பாடு செண்பகம் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போனபோது, ஜங்ஷனில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு திரிந்த முதல் ஆள் இந்த விருத்தாசலம்தான்.

செண்பகம் அழவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கணக்குப்பிள்ளையைப் பார்த்து, அதுவரை அவரிடம் பேசியிராத ஒரு குரலில், மரியாதை குறையாமல் சொன்னார்:

"சமையலுக்கு வர்றவங்க மேட்டியக் கையோட கூட்டிக்கினு வர்றதுதானேங்க பங்களா வழக்கம்? எனக்கும் ஓர் ஆளு வேணும். எழுதிக்குங்க. பேரு அம்சா. எங்க சேரிப் பொண்ணு. புருஷன் செத்துட்டான், பண்ணையில களை எடுத்துக்கினு கீது."

பெரியதம்பி ஆலண்டம்மாவைப் பார்த்தார். ஆலண்டம்மா தலையாட்டினார். பெரியதம்பி பேனாவை எடுத்தார்.

செண்பகம் பின்வாசலுக்குப் போய்த் தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"தே, மம்பட்டிய அப்பிடியே போடு. ஜல்தியா வண்டியப் புடிச்சிப் போய் அம்சாவக் கூட்டிக்கினு வா. பண்ணைக்காரு எதுக்குன்னு கேட்டா, செண்பகம் வேலைக்கு ஆளெடுக்கறான்னு சொல்லு."